அன்றைக்குப் பாடியது நான் இல்லை

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு ஏதுடி பேயி?" என்று என் முகத்துக்கு நேரே சிரித்தவர்கள் ஏராளம். அன்று முன்னூறு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, குடிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அன்று எல்லாமே கூடுதலாகத்தான் தெரிந்தது.

என் பெயர் தியெப். கூத்துக்காரி. முகத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசி, தலையில் கிரீடம் வைத்து, ராஜா கதைகளைப் பாடி ஆடும் பழைய கூத்து. ஆற்றங்கரை ஊர்களில் காவல் தெய்வத்துக்குத் திருவிழா என்றால் எங்கள் குழுவைக் கூப்பிடுவார்கள். எங்கள் கூத்தில் சின்னப் பையன் ராஜா வேஷத்தைப் பெண்கள்தான் போடுவோம். இருபத்தாறு வருடம் நான்தான் இளவரசன்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மந்திரி ராஜாவைக் கொன்றுவிடுவான். பத்து வயது இளவரசனைத் தாதி கையைப் பிடித்துக் காட்டு வழியாகத் தப்பிக்க வைப்பாள். நடுக்காட்டில் நின்று இளவரசன் செத்துப்போன அப்பாவை நினைத்துப் பாடுவான். வளர்ந்து வந்து சிம்மாசனத்தை மீட்பதெல்லாம் அப்புறம். சனம் வருவது அந்த அழுகைப் பாட்டுக்குத்தான். அந்தப் பாட்டு என்னுடையது. என்னுடையது என்றால் என்னுடையதுதான்.

அந்த வருடம் எட்டாம் சந்திர மாதத்தின் பதினாறாம் நாள், காலை பதினோரு மணிக்கு, குழுத் தலைவர் கியெட் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கையில் பனிக்கட்டி போட்ட காப்பி. என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடி டம்ளரைப் பார்த்தே பேசினார்.

"இன்னிக்கு நீ தாதி வேஷம் போடு, தியெப்பு. இளவரசனை லுவா பாக்கட்டும்."

"எந்த லுவா? நமக்குத் துணி மடிச்சுக் குடுக்கிற லுவாவா?"

"ரெண்டு வருஷமா உன் பின்னாடியேதான நிக்கிறா. உன் பாட்டைக் கேட்டுக் கேட்டே படிச்சுட்டா."

"திருடிட்டான்னு சொல்லுங்க."

"சும்மா கத்தாத. மேல போகும்போது உன் குரல் கிழியுது. உனக்கே தெரியும். நாப்பத்தேழு வயசு இளவரசன் எந்த நாட்டுலயும் இல்ல, தாயி."

பக்கத்தில் இருந்த மேளக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் புரையேறியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தேன், அதுதான் இத்தனைக்கும் காரணம்.

இதில் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நினைக்கலாம். எங்கள் வழக்கம் அப்படி. மேடைக்கு நேர் எதிரே ஊர்ப் பெரியவர் ஒருவர் பெரிய முரசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு நன்றாக இருந்தால் ஒரு அடி. மிக நன்றாக இருந்தால் இரண்டு. மூன்று அடி விழுந்தால் ஆயுசுக்கும் பேச்சு. மோசமாக இருந்தால் முரசின் விளிம்பில் டக்கென்று ஒரு தட்டு, அவமானம். அந்த ஊரில் முரசு பிடிப்பவர் கோவான் பெரியவர். அவர் கையால் யாருக்கு அடி விழுகிறதோ, அந்த வேஷம் அவர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஆற்றங்கரை முழுக்கப் பேர் பரவும். லுவாவுக்கு அன்று இரண்டு அடி விழுந்துவிட்டால் போதும், இளவரசன் என் கையை விட்டுப் போனது போனதுதான். பிறகு சாகிறவரை தாதி.

எனக்கு இருபத்தாறு வருடத்தில் மூன்று அடி விழுந்ததேயில்லை. இரண்டு விழுந்திருக்கிறது, நான்கு தடவை.

இப்போது அந்தப் பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் 'தி' என்று ஒரு பழம் உண்டு. மஞ்சளாக, உள்ளங்கைக்குள் அடங்கும். சாப்பிட ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் வாசனை... ஒரு பழம் இருந்தால் வீடு முழுக்க மணக்கும். எந்தக் கூத்துக்காரரும் அதைத் தொடமாட்டார். வேஷம் கட்டும் இடத்துக்குள் அந்தப் பழத்தைக் கொண்டுவந்தவனைச் செருப்பால் அடித்து விரட்டியிருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

ஏனென்றால் எங்கள் குலதெய்வம் இரண்டு சின்னப் பையன்கள். ராஜாவின் பிள்ளைகள். கூத்துப் பைத்தியம். அப்பா பார்க்கக் கூடாது என்று தடுத்தும் கேட்காமல், மேடைக்குப் பின்னால் ஒளிந்து, சோறு தண்ணீர் இல்லாமல் நாள்கணக்காகப் பார்த்து, அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு செத்துப்போனார்களாம். இரண்டு மரப் பொம்மைகளாகச் செய்து, சிவப்புப் பட்டு உடுத்தி, வேஷம் கட்டும் இடத்தில் வைத்துக் கும்பிடுவோம். அவர்களுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். வாசனை வந்தால் போதும், பழம் வைத்திருப்பவரைத் தேடி வந்துவிடுவார்கள். வந்தால் அந்த ஆளுக்கு மேடையில் ஒரு வரி நினைவுக்கு வராது.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. லுவாவுக்கு ஒரு வரி நினைவுக்கு வரக் கூடாது.

மேடை போட்டிருந்த கோவிலுக்குப் பின்னால் படகுத்துறைப் பாதையில் அந்த மரம் ஒன்று நிற்கிறது. பழம் உதிரும் காலம்தான். பன்னிரண்டு மணிக்கு அங்கே போனேன். கீழே கிடந்ததில் அடிபடாத ஒன்றாகப் பார்த்து எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு லுவாவின் பெட்டியைத் திறந்து, இளவரசனின் மஞ்சள் பட்டு மடிப்புக்கு நடுவே அதைச் சொருகினேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்டுச் சொல்கிறேன், ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மழை பிடித்தது. மேடைக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நான் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து, தாதியின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டு, தலையை முடிந்துகொண்டேன். யாரோடும் பேசவில்லை.

ஒன்று ஐந்துக்குக் கூத்து தொடங்கியது. கியெட் அண்ணன்தான் மந்திரி. அவர் மேடையில் கத்துவது மழைக்கு நடுவே அரைகுறையாகக் கேட்டது.

மேடை ஏறுவதற்கு முன் குலதெய்வத்துக்கு ஊதுபத்தி வைக்க வேண்டும். கோபம் இருந்தாலும் அதை விடமுடியாது. போனேன். எனக்கு முன்னால் யாரோ மூன்று பத்தி ஏற்றியிருந்தார்கள். அப்போதுதான் ஏற்றியது போல, அடியில் சாம்பல்கூட விழவில்லை. நான் என் பத்தியை நெருப்பில் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த மூன்றும் அடிவரை எரிந்து முடிந்திருந்தன.

காற்று என்று நினைத்தேன்.

பிறகு பொம்மைகளைப் பார்த்தேன். இரண்டின் பட்டும் கீழ் ஓரத்தில் நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தேன். ஒழுகவில்லை. தொட்டுப் பார்த்தேன். ஈரம். விரலில் கொஞ்சம் சேறும் ஒட்டியது. படகுத்துறைப் பாதையில் இருக்குமே, அந்தச் சிவப்புச் சேறு.

அப்போதாவது நான் போய் அந்தப் பழத்தை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத்தான் போனேன், உண்மையாகவே. ஒன்று இருபது. லுவாவின் பெட்டி திறந்து கிடந்தது. பட்டு மடித்தபடி இருந்தது. பழம் இல்லை. லுவாவும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். பழத்தை எடுத்துக்கொண்டு கியெட் அண்ணனிடம் காட்டப் போகிறாள். எல்லார் முன்னாலும் என்னை நாறடிக்கப் போகிறாள். பயம் போய் மறுபடி கோபம் ஏறியது. நாறடிக்கட்டும். யார் பயப்படுகிறார்கள்?

ஒன்று இருபத்து நான்கு. மேடைக்குள் நுழையும் திரையருகே வந்தேன். இளவரசன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

முதுகைக் காட்டி. மஞ்சள் பட்டு. கிரீடத்தில் இரண்டு நீள இறகு. பட்டின் ஓரம் தரையில் புரண்டது. லுவா என்னைவிட உயரம். அவளுக்கு அது கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். குனிந்து நிற்கிறாள், சின்னப் பையன் மாதிரி நிற்கப் பழகுகிறாள் என்று நினைத்தேன். பெட்டியில் பட்டு மடித்தபடி இருந்ததை நான் நான்கு நிமிடம் முன்புதான் பார்த்தேன். அந்த இடத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

"என்னடி, இளவரசே? எல்லாம் ஞாபகம் இருக்கா?"

பதில் இல்லை.

"வாயைத் திறந்து பதில் சொல்லக்கூட உங்க ராஜ்ஜியத்துல வரி போட்டிருக்காங்களா?"

திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். தாதி கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும் அல்லவா, அதற்காக.

பிடித்தேன்.

சில்லென்று இருந்தது. மழை, அதனால் என்று நினைத்தேன். கை சின்னதாக இருந்தது. என் உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியது. அப்புறம் அந்த வாசனை வந்தது... பழ வாசனை. அவள் பட்டிலிருந்து இல்லை. கையிலிருந்தே.

திரை விலகியது. ஒன்று இருபத்தைந்து.

காட்டுக்குள் ஓடுகிறோம் என்று காட்ட மேடையை மூன்று சுற்று சுற்ற வேண்டும். மேளம் வேகம் பிடிக்கும். தாதி முன்னால், இளவரசன் பின்னால்.

முதல் சுற்றில் என் காலடிச் சத்தம் பலகையில் தடதடவென்று கேட்டது. என் பின்னால் வருகிற காலடி கேட்கவில்லை. இளவரசன் போடுவது கட்டை வைத்த உயரமான செருப்பு, இருபத்தாறு வருடம் போட்டவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? கேட்கவில்லை. நான் கையை இறுக்கி இழுத்தேன். இழுத்த இழுப்புக்கு லேசாக வந்தது.

இரண்டாவது சுற்றில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பின்னால் வருகிறவளை ஒருத்தரும் பார்க்கவில்லை. கோவான் பெரியவர் முரசுக் குச்சியைப் பாதித் தூக்கியபடி என்னை முறைத்தார்.

மூன்றாவது சுற்று. என் இன்னொரு கையை யாரோ பிடித்தார்கள்.

இடது கை.

அது இன்னும் சின்னது.

நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. நடு மேடையில் நின்றுவிட்டேன். மேளம் நின்றது. இந்த இடத்தில்தான் இளவரசன் பாட வேண்டும்.

மழைச் சத்தமும் நின்றது. மழை நிற்கவில்லை, கூரை ஓரத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கிறேன். சத்தம் மட்டும் இல்லை.

பாட்டு தொடங்கியது.

அய்யோ, அந்தக் குரல்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பயம் இல்லை அப்போது. வயிற்றெரிச்சல். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. மேல் ஸ்தாயிக்கு அது ஏறவேயில்லை, அங்கேயே பிறந்தது போல இருந்தது. இவளிடமா இப்படி ஒரு தொண்டை? துணி மடிக்கிறவளிடமா?

முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டும்.

ஒரு அடி.

பாட்டு எங்கள் பாட்டு இல்லை. மெட்டு அதேதான். 'எனக்கு யார் வழி சொல்வார் அப்பா' என்று வர வேண்டும். வரவில்லை.

'கதவைத் திற அப்பா... நாங்கள் பார்க்கத்தானே வந்தோம்...'

நாங்கள்?

டும். டும்.

"விடுடி கையை," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. யாருக்கும் கேட்காது. விடவில்லை. நகத்தை ஊன்றினேன். இரத்தம் வரட்டும் என்று ஊன்றினேன். அந்தக் கை அசையவில்லை. என் நகம்தான் வலித்தது.

'பசிக்கவில்லை அப்பா... முடிகிறவரை இருந்துவிட்டு வருகிறோம்...'

இப்போது திரும்பினேன். கோபத்தில்தான் திரும்பினேன். வலது பக்கம்.

வெள்ளையும் சிவப்பும் பூசிய முகம். என் இடுப்பு உயரத்தில். என்னை நிமிர்ந்து பார்த்தது.

பாட்டு போய்க்கொண்டிருந்தது.

அதன் வாய் மூடியிருந்தது.

டும்.

டும்.

டும்.

மூன்று அடி. மழைச் சத்தம் திரும்பி வந்தது. சனம் கத்தியது. எனக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியாது, திரைக்குப் பின்னால் வந்து விழுந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி ஆறு நிமிடம். பத்து நிமிடத்தில் முடிகிற காட்சி அது.

கையில் யாரும் இல்லை. என் சட்டைக் கைகளின் இரண்டு முனையும் பிடித்துப் பிழிந்தது போல் சுருங்கி நனைந்திருந்தன.

கியெட் அண்ணன் மந்திரி வேஷத்தோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுதிருந்தார், கறுப்பு மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"மன்னிச்சுடு, தியெப்பு! நான் முட்டாப் பய. ஆயுசுல இப்படி ஒரு பாட்டு கேட்டதில்ல!"

"நான் எங்கண்ணே பாடுனேன்? அவதான..."

"எவ?"

"லுவா!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லுவா ஒண்ணே காலுக்கே பெட்டிகிட்ட சுருண்டு விழுந்துட்டா. பைக்ல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. இளவரசனையும் நீயே பாடுன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னேனே. சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் எப்படி ஒத்தையா வந்து நின்ன?"

"ஒத்தையாவா..."

"பின்னே? தாதி வேஷத்தோடயே வந்து நின்னு, ரெண்டு கையையும் இப்படித் தாழ விரிச்சுக்கிட்டு..." அவர் செய்து காட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகளைப் பிடித்திருப்பது போல. "அந்தக் கையை கடைசிவரைக்கும் நீ எடுக்கவே இல்லயே. எவன் சொல்லிக் குடுத்தான் அந்த நடிப்பு?"

நான் பாடவில்லை என்று கத்தினேன். பாட்டே எங்கள் பாட்டு இல்லையே, வார்த்தையைக் கவனிக்கவில்லையா என்று மேளக்காரர்களின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவர்களுக்கு வழக்கமான வார்த்தைகள்தான் கேட்டனவாம். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். தியெப்புக்குக்கூட அடக்கம் வருமா என்று கேலி பேசினார்கள். கோவான் பெரியவர் ஆள் அனுப்பினார், அடுத்த வருடமும் இதே ஆள்தான் இளவரசன், வேறு யாரையும் அனுப்பினால் முரசைத் தொடமாட்டேன் என்று.

ஓடிப்போய் லுவாவின் பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் பட்டு மடித்தபடியேதான் இருந்தது. அன்றைக்கு அதை யாரும் உடுத்தவேயில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் திருவிழா முடிவுக் கூத்து. இளவரசன் வேஷம் எனக்கு. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பயந்தேன், ஆனால் விட மனமில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நேற்று எதுவோ வந்தது, போயிற்று, இன்று நான் பாடுவேன், என் கிழிந்த குரலில் நானே பாடுவேன் என்று மேடை ஏறினேன்.

வாயைத் திறந்தேன்.

நான் பாடத் தொடங்குவதற்கு முன்பே பாட்டு வந்தது. என் தொண்டை வழியாக. அந்தக் குரல்.

நான் வாயை மூடினேன்.

அது நிற்கவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றுவரை அந்தப் பாட்டில் ஒரு வரி நான் பாடியதில்லை. மேடைக்குக் கீழே பேசினால் என் கரகரத்த குரல்தான். திரை விலகினால் அது வந்துவிடும். ஆற்றின் இரண்டு கரையிலும் என் பேர்தான். வயது ஏற ஏறக் குரல் பிஞ்சாகிறதே என்று வியக்கிறார்கள். போன இடமெல்லாம் மூன்று அடி. ஒவ்வொரு அடியும் என் கன்னத்தில் விழுவது போல இருக்கும். இரண்டாம் வருடம் பொறுக்க முடியாமல், சாமி இருக்கும் இடத்துக்குப் போய் அந்த இரண்டு பொம்மைகளையும் பார்த்துக் கத்தினேன். "போதும், போங்கடா! என் தொண்டையைக் குடுங்கடா! செத்தும் அடங்காத பிள்ளைங்களா!" கியெட் அண்ணன் என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். சோறு போடும் சாமியைத் திட்டலாமா என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

இனிமேல் மேடையே ஏறமாட்டேன் என்று ஒருமுறை ஆறு மாதம் வீட்டில் கிடந்தேன். தினமும் மதியம் ஒன்று இருபத்தைந்துக்கு, சமையல்கட்டில் இருந்தாலும் சரி, துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் சரி, என் வாயிலிருந்து அது வந்தது. மேடையில் வந்தாலாவது கைதட்டல் உண்டு. திரும்பவும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

லுவா அதற்குப் பிறகு கூத்துக்கு வரவில்லை. அவளை நான் போய்ப் பார்க்கவும் இல்லை. எல்லாம் இவளால் வந்தது என்று ஒரு கோபம். இவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று ஒரு பயம். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

போன மாதம் அக்கரையில் ஒரு சந்தைக்குப் போனேன். காலை பத்தே கால். நூடுல்ஸ் சூப் விற்கிற கடையில் லுவா நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பி நடந்தேன். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அத்தை! பாக்காத மாதிரி போறீங்களே. உக்காருங்க, ஒரு கிண்ணம் சாப்பிட்டுத்தான் போகணும்."

உட்கார வைத்து, கறியுள்ள எலும்பாகப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டாள். முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத்தான் எரிச்சல் வந்தது. எத்தனை நாள் பொத்தி வைப்பது?

"அன்னிக்கு நீ ஏண்டி மயங்கி விழுந்த?" என்று கேட்டுவிட்டேன்.

"மயங்கலை, அத்தை. கியெட் மாமா கிட்ட சொன்னா நம்ப மாட்டாருன்னு மயக்கம்னு சொன்னேன். கால் மடங்கிடுச்சு. குரல் வரல. ரெண்டு பசங்க வந்தாங்க."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"பெட்டிகிட்ட வந்து நின்னாங்க. நனைஞ்சு போய். பெரியவன் ரொம்ப மரியாதையா, இன்னிக்கு இளவரசனா நாங்க பாடலாமான்னு கேட்டான். அது என் வேஷமே இல்லப்பா, தியெப் அத்தை வேஷம்னு சொன்னேன். நெசந்தான அத்தை? அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கே நான் கியெட் மாமாகிட்ட அழுது சொல்லிட்டேன், அத்தை இருக்கும்போது என்னால முடியாது, அவங்களே பாடட்டும்னு. அவரும் சரின்னு உங்களைத் தேடிக்கிட்டு வந்தாரு. கோயில் முழுக்கத் தேடினாராம், நீங்க எங்கேயோ போயிருந்தீங்க. கடைசியில, நேரமாகுது, நீயே போடுன்னுட்டாரு."

பன்னிரண்டு மணிக்கு நான் அந்த மரத்தடியில் இருந்தேன்.

"அவங்ககிட்ட என்னடி சொன்ன?"

"அத்தைகிட்டதான் கேக்கணும்னேன். அதுக்குப் பெரியவன் சிரிச்சான். கேட்டாச்சு, அவங்க சரின்னுட்டாங்கன்னான்."

நான் யாரிடமும் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மரத்தடியில் குனிந்து பழத்தை எடுத்த என் கை நினைவுக்கு வந்தது.

லுவா என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, சந்தைச் சத்தத்தில் சாதாரணமாகக் கேட்டாள்.

"எத்தனை வருஷத்துக்குன்னு பேசினீங்க, அத்தை?"